பழைய வீட்டுச் சுவரில் ஒரு நினைவுக்கல் வைக்க வேண்டும், எங்கிருந்து தொடங்குவது?

தாண்டவன்வெளிப் பிள்ளை:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுமையாக வாசித்து உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்.

எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் ஒரு பழைய ஓட்டு வீடு இருக்கிறது. அந்த வீட்டில் ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார். பெயரை இப்போதைக்கு எழுதவில்லை, அவருடைய பிள்ளைகளைக் கேட்காமல் எழுதுவது சரியில்லை. 1978 நவம்பர் 23 சூறாவளி மட்டக்களப்பில் அடித்து ஓய்ந்து, பள்ளிக்கூடங்கள் கூரையில்லாமல் கிடந்த காலத்தில், தன் வீட்டு விறாந்தைச் சுவரில் கரியையும் கோவை இலையையும் சேர்த்து அரைத்துப் பூசி, அதையே கரும்பலகையாக்கி, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைப் பாயில் இருத்திப் படிப்பித்தார் என்று அம்மா சொல்லுவா. அம்மாவும் அந்தப் பாயில் இருந்து படித்தவதான். பள்ளிக்கூடங்கள் திரும்ப எழும்பிய பிறகும் அவர் நிறுத்தவில்லை. பின்னேரம் ஐந்து மணிக்குப் படலை திறந்திருக்கும், யாரும் போகலாம், ஒரு சதம் வாங்கியதில்லை.

போன மாதம் உள்ளே போய்ப் பார்த்தேன். எத்தனை தடவை வெள்ளை அடித்தார்களோ, அந்தக் கறுப்புச் சதுரம் இன்னமும் ஊறிக்கொண்டு மேலே வருகிறது. சுண்ணாம்பு உரிந்த ஒரு மூலையில் முழ அளவுக்குக் கறுப்பு அப்படியே தெரிகிறது. அதன் கீழ் விளிம்பில் வெண்கட்டித் தூள் படிந்து படிந்து இறுகிப்போன ஒரு கோடு. விரலால் தடவினேன், உதிரவில்லை.

வீட்டை விற்கப்போகிறார்களாம். வாங்குகிறவர் என்ன செய்வாரோ தெரியாது. இரண்டு வருடத்துக்கு முன்பு இதே மாதிரி விஷகடிப் பரிசாரியார் ஒருவருடைய வீட்டை இடித்து மாடி கட்டினார்கள், இப்போது அந்த வளவில் பழசு என்று மிஞ்சியிருப்பது கிணறு மட்டும்தான். பாம்பு கடித்தவர்களை நடுச்சாமத்தில் கதிரையோடு தூக்கிக்கொண்டு ஓடிவந்த இடம் அது என்று இப்போதுள்ள பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

அதனால்தான் கேட்கிறேன். இப்படியான வீடுகளின் சுவரில், ‘இன்னார் இங்கே இருந்தார், இன்னது செய்தார்’ என்று சின்னதாக ஒரு கல் பதிக்க யாரிடம் அனுமதி எடுக்க வேண்டும், எந்தக் கல் நல்லது, பெரிய பெயரில்லாத ஒரு வாத்தியாருக்கு வைத்தால் ஊர் ஏற்றுக்கொள்ளுமா? ஒரு அலுவலகத்தில் போய் விசாரித்தேன். அவர்கள் கேட்ட முதல் கேள்வி, திரைநீக்கத்துக்குப் பிரதம அதிதி யார் என்பது. வாத்தியார் யார் என்று கடைசி வரைக்கும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆரையூரன்:

தங்கச்சி, நான் ஆரையம்பதி, இப்போது இருப்பது லண்டனில். இங்கே இதை நூற்றைம்பது வருடத்துக்கு மேலாகச் செய்து வருகிறார்கள், நீல நிறத்தில் வட்டமான பலகை, தெருவில் நடந்து போகிறபோது சுவரில் தலைக்கு மேலே தெரியும். 1863இல் ஒரு பாராளுமன்ற உறுப்பினர் யோசனை சொல்லி, 1866இல் தொடங்கி, 1867இல் முதல் பலகையைக் கவிஞர் பைரன் பிறந்த வீட்டில் வைத்தார்கள். அந்த வீடு 1889இல் இடிபட்டுப் போனது, பலகையும் அதோடு போனது. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பலகை வைத்தால் வீட்டை யாரும் இடிக்கமாட்டார்கள் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். இங்கேயும் பலகைக்கு அப்படியொரு சட்டப் பலம் கிடையாது, இடிக்க நினைக்கிறவர் ஒரு நிமிடம் யோசிப்பார், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் தப்பிய வீடுகளும் உண்டு.

அவர்களுடைய விதிகளில் நமக்கு உதவக்கூடியவை சில இருக்கின்றன. ஆள் இறந்து 20 வருடமாவது ஆகியிருக்க வேண்டும். இது முக்கியம், ஏனென்றால் இறந்த சூட்டில் வைக்கிற கல்லில் பாதி கட்சியாகவும் மீதி சொந்தபந்தமாகவும் இருக்கும், 20 வருடம் கழித்தும் ஊர் ஒருவரைப் பேசுகிறதென்றால் அதில் ஏதோ இருக்கிறது. இரண்டாவது, அவர் உண்மையிலேயே அந்தக் கட்டடத்தில்தான் இருந்தார் என்பதற்கு ஆதாரம் வேண்டும், அடுத்த வீடு, எதிர் வீடு எல்லாம் சரிவராது. மூன்றாவது வீட்டுக்காரருடைய சம்மதம். அது இல்லாமல் ஒரு ஆணிகூட அடிக்கமாட்டார்கள்.

பாரன்ஸ் கோர்ட் வீதியில் 20ஆம் இலக்க வீட்டில் காந்திக்கு ஒரு பலகை இருக்கிறது. மகாத்மா காந்தி, பிறந்த வருடம், இறந்த வருடம், சட்ட மாணவராக இங்கே வாழ்ந்தார். அவ்வளவுதான் அதில். உப்புச் சத்தியாக்கிரகம் இல்லை, தேசபிதா இல்லை. முதன்முதல் பார்த்தபோது, இவ்வளவு பெரிய மனிதருக்கு இவ்வளவுதானா என்று எனக்குக் கோபமே வந்தது. அப்புறம் அந்த வழியால் வேலைக்குப் போகப் போக விளங்கியது. அந்த வீட்டுக்கு உரிமையான காந்தி அந்த மாணவன்தான், இருபது வயதைத் தொட்டும் தொடாமலும் இருந்த பையன். மற்றதைச் சொல்ல வேறு இடங்கள் இருக்கின்றன. உங்கள் வாத்தியாருடைய கல்லிலும் அந்த விறாந்தையில் நடந்ததை மட்டும் எழுதுங்கள். யார் திறந்து வைத்தார் என்று ஒரு எழுத்துக்கூட வேண்டாம். நம் ஊரில் எத்தனையோ கல்லில் அதிதியின் பெயர் சாண் உயரத்துக்கும் செத்தவருடைய பெயர் விரல் உயரத்துக்கும் இருக்கிறது, ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் பார்த்து மனம் வேகிறது.

காரைதீவுச் சேர்:

பிள்ளை, நான் ஓய்வுபெற்ற ஆசிரியன், அதனால் உன் கேள்வி எனக்கு நெஞ்சில் பட்டது. தம்பி ஆரையூரன் சொன்னதில் ஒன்று மட்டும் எங்கள் பக்கத்துக்குச் சரிவராது. கட்டடம் இருக்க வேண்டும் என்ற விதி. எங்களிடம் எத்தனை கட்டடம் மிஞ்சியிருக்கிறது? 78 சூறாவளி கொண்டுபோனது பாதி, போர்க்காலத்தில் எரிந்ததும் இடிந்ததும் கணக்கில்லை, 2004 டிசம்பர் 26 காலையில் காரைதீவிலிருந்து நாவலடி வரைக்கும் கடற்கரைப் பக்கம் அத்திவாரத்தோடு வழித்துக்கொண்டு போனது மீதியை. கட்டடம் இருந்தால்தான் பெயர் என்றால் கடற்கரையில் பிறந்த ஒருவருக்கும் பெயர் வராது. ஆகவே எங்கள் விதி இப்படி இருக்கட்டும்: வீடு இருந்தால் வீட்டில், வீடு போய்விட்டால் வளவில், கிணறு மட்டும்தான் இருக்கிறதென்றால் கிணற்றுக் கட்டில். அந்தப் பரிசாரியாருடைய கிணற்றை இதில் சேர்.

பெரியவர்களுக்குக் கல் இல்லாமல் இல்லை. விபுலானந்த அடிகளை எடுத்துக்கொள். 1892இல் இங்கே காரைதீவில் மயில்வாகனமாகப் பிறந்தவர், 1947இல் மறைந்து, தான் கட்டியெழுப்பிய கல்லடி உப்போடைச் சிவானந்தா வித்தியாலய வளவிலேயே அடங்கியிருக்கிறார், சமாதியில் அவருடைய பாட்டு வரிகளே பொறிக்கப்பட்டிருக்கின்றன. சிலைகளும் உண்டு. ஆனால் சிலை ஆளை உயரத்தில் தூக்கி வைத்துவிடுகிறது. அவர் கல்முனையில் மெதடிஸ்த பள்ளியிலும், பிறகு புளியந்தீவில் புனித மிக்கேலிலும் வாங்கில் இருந்து படித்த பையன் என்பதை, இன்று அதே பள்ளிகளில் வாங்கில் இருக்கிற பையனுக்கு யார் காட்டுவது? பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரும், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரும் ஆன அந்த மனிதர், ‘இங்கே படித்தார்’ என்று வகுப்பறை வாசலில் ஒரு வரி கிடந்தால் போதும். நான் முப்பது வருடம் படிப்பித்தவன், பிள்ளைகளுக்கு எது உறைக்கும் என்று தெரியும்.

இன்னொன்று. 2012 ஏப்ரலில் ஒரே இரவில் மட்டக்களப்பு நகரில் காந்தி, சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல், விபுலானந்தர், புலவர்மணி பெரியதம்பிப்பிள்ளை ஆகியோருடைய சிலைகளை உடைத்தார்கள். விடியப் பத்திரிகைக்காரர் ஒருவர் தொலைபேசியில் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. பகவத்கீதையை வெண்பாவில் பாடிய, மண்டூரில் பிறந்த ஒரு கிழவனுடைய சிலை யாருக்கு என்ன செய்தது? அன்றிலிருந்து எனக்கு ஒரு எண்ணம் இருக்கிறது, ஒரே இடத்தில் பெரிதாக நிறுத்துவதைவிட நூறு வாசலில் சின்னதாகப் பதிப்பது நல்லது. அத்தனையையும் ஒரே இரவில் உடைக்க முடியாது.

ஆதாரத்துக்கு வருவோம். புலவர்கள், பண்டிதர்கள் என்றால் தேடலாம், பண்டிதர் வி.சீ. கந்தையா 1964இல் எழுதிய ‘மட்டக்களப்புத் தமிழகம்’ போன்ற நூல்கள் கைகொடுக்கும். உன் வாத்தியாருக்கு அப்படியொரு நூல் கிடைக்காது. அவருக்கு ஆதாரம் அந்தப் பாயில் இருந்தவர்கள். அம்மாவோடு படித்தவர்கள் பத்துப் பேரைப் பிடி, ஒவ்வொருவரும் தங்கள் கையெழுத்தில் அரைப் பக்கம் எழுதித் தரட்டும், எந்த வருடம், என்ன படித்தார்கள், எத்தனை பேர் இருந்தார்கள். உயிரோடு இருக்கும்போதே வாங்கிவிடு. நான் இப்படி ஒரு வேலையைத் தள்ளிப்போட்டு, கேட்க வேண்டிய மூன்று பேரையும் ஒரே வருடத்தில் சுடலைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன்.

கல்லறையே இல்லாதவர்களையும் மறக்கக் கூடாது. ஹேபர்ட் அடிகளார் அமெரிக்காவிலிருந்து வந்து மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கியவர். 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஒரு பையனோடு வெளிக்கிட்டார், இரண்டு பேரும் வந்து சேரவே இல்லை. அந்த வழியில் ஒரு கல் இருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அடிகளாரோடு அந்தப் பிள்ளைக்கும்.

மருதமுனையான்:

சேர் சொன்ன நூறு வாசலில் எங்கட வாசலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பெரியார் என்றதும் ஒரு பட்டியல், முஸ்லிம் பெரியார் என்றதும் இன்னொரு பட்டியல் என்று போட்டால், கடைசியில் இரண்டு கூட்டம், இரண்டு மேடை, இரண்டு சண்டை. புலவர்மணி என்று மட்டக்களப்பில் சொன்னால் பெரியதம்பிப்பிள்ளை, மருதமுனையில் சொன்னால் ஆ.மு. ஷரிபுத்தீன். ஒரே பட்டத்தோடு இரண்டு பேர், ஒரே மரபுத் தமிழ், இரண்டு ஊருக்கும் நடுவில் ஏறக்குறைய இருபது மைல்தான். காத்தான்குடியில் அப்துல் காதர் லெப்பை இருக்கிறார். பெரியநீலாவணையில் பிறந்து ஊரின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்ட நீலாவணன் இருக்கிறார், வயல் வேலையையும் ஊர்ப் பேச்சையும் காவியமாகப் பாடிவிட்டு 1975இல், ஐம்பதைக்கூடக் காணாமல் மறைந்த மனிதர். இவர்களெல்லாம் ஒரே கல்லில், அதாவது ஒரே மாதிரிக் கல்லில், ஒரே அளவில், ஒரே எழுத்தில் வர வேண்டும். ஏறாவூரிலிருந்து பொத்துவில் வரைக்கும் பஸ்ஸில் போகிற பிள்ளை, தமிழ் ஊரோ முஸ்லிம் ஊரோ, அந்தக் கல்லைக் கண்டதும் இது நம்மட ஆள் என்று அடையாளம் பிடிக்க வேண்டும்.

பறங்கியரையும் விடாதீர்கள். மட்டக்களப்பில் போர்த்துக்கேயக் கிரியோல் பேசிய வீடுகள் இருந்தன, தச்சுவேலையிலும் இரும்பு வேலையிலும் அவர்களுடைய கை தனி. பழைய வீடுகளில் கதவு நிலையைப் பார்த்தே இது இன்னாருடைய வேலை என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் உண்டு.

அப்புறம் பெண்கள். இதுவரை இந்தப் பேச்சில் ஒரு பெண்ணின் பெயரும் வரவில்லையே. என்னுடைய மூத்தம்மா தறியில் இருந்தவ. எங்கள் ஊர் சாரன் என்றால் நாடு முழுக்கத் தெரியும், அதை நெய்த கைகளை யாருக்கும் தெரியாது. ஊரில் பாதிப் பிள்ளைகளைக் கையில் ஏந்திய மருத்துவிச்சிகள் இருந்தார்கள், அவர்களுக்குத் தோட்டத்துச் சுவரில் ஒரு கல் வைத்தால் குறைந்தா போய்விடும்? மரவேலை செய்கிற ஓடாவியும் கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரும் மருத்துவிச்சியும் இல்லாமல் எந்த ஊர் இருந்தது?

ஒன்று கவனம் காக்காமாரே, குடும்பத்தைக் கேட்காமல் செய்யாதீர்கள். எங்கள் பக்கம் சில குடும்பங்கள் வீட்டில் பெயர் பொறிப்பதை விரும்பமாட்டார்கள், மார்க்க ரீதியாகவும் யோசிப்பார்கள். அப்படியென்றால் அவர் படிப்பித்த பள்ளியில், இல்லாவிட்டால் நூலகத்தில் வைக்கலாம். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும், வற்புறுத்தி ஒருவரைக் கௌரவிக்க முடியாது.

கல்லுவேலைக்காரன்:

நான் கல்லில் எழுத்து வெட்டுகிற தொழில், அதிகம் கல்லறைக்கல்தான். எது நிற்கும் எது நிற்காது என்று மட்டும் சொல்கிறேன்.

பித்தளை வேண்டவே வேண்டாம். கடலும் வாவியும் இரண்டு பக்கமும் இருக்கிற ஊர், இரண்டு மழைக்காலத்தில் பச்சை பிடித்துவிடும், அதற்கு முதலே பழைய சாமான்காரரிடம் போய்விடும். தகரத்தில் ஸ்டிக்கர் ஒட்டுவது வெயிலுக்கு ஒன்றரை வருடம். வெள்ளைச் சலவைக்கல் பார்க்க அழகு, ஆனால் கறுப்பு மை கழுவுப்பட்டுப் போனால் ஐந்தடி தூரத்தில் நின்று வாசிக்க முடியாது, உப்புக் காற்றில் மேல்தோலும் பொரிந்து வரும். கருங்கல் எடுங்கள். பளபளப்பு ஏற்றாமல் மட்டமாகத் தேய்த்தது நல்லது, பளபளத்தால் வெயில் நேரம் எழுத்துக்குப் பதிலாக உங்கள் முகம்தான் தெரியும். எழுத்தை ஆழமாக வெட்டச் சொல்லுங்கள். மை போனாலும் நிழல் விழுந்து வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும், அதுதான் நல்ல வெட்டு.

தங்கச்சி சொல்கிற வீடு சுண்ணாம்புச் சாந்துச் சுவர் போல இருக்கிறது. அதில் பெரிய போல்ட் இறுக்கினால் சுவர் வெடிக்கும், பாரமான கல் சாந்தையும் பிடுங்கிக்கொண்டு விழும். சுவரில் வைப்பதென்றால் கல்லை மெல்லியதாக எடுத்து, துருப்பிடிக்காத ஆணியால் செங்கல்லின் நடுவில் பிடிக்க வேண்டும், சாந்து ஓடுகிற இடத்தில் அல்ல. என்னைக் கேட்டால் படலைத் தூணில் வைப்பது நல்லது, வீடு கைமாறினாலும் தூண் நிற்கலாம், தெருவால் போகிறவர்களும் உள்ளே வராமல் வாசிக்கலாம். கறுப்புச் சதுரத்துக்குக் கிட்ட ஒரு துளையும் போடாதீர்கள். அந்தச் சுவரில் இனி வெள்ளை அடிக்காமல் விடச் சொல்லுங்கள், அதுவே பெரிய உதவி.

அனுமதி விஷயம். தனியார் சுவரென்றால் உரிமையாளரின் கடிதம், வீதி ஓரமென்றால் மாநகர சபையோ பிரதேச சபையோ, பள்ளிக்கூடமென்றால் அதிபரும் வலயக் கல்விப் பணிமனையும். தொல்பொருள் திணைக்களம் பாதுகாப்புக் கட்டடமாக அறிவித்த இடமென்றால் அவர்களைக் கேட்காமல் உளியைத் தொடவே கூடாது.

எழுத்துப்பிழை பற்றி ஒன்று. ஒரு தாயாருடைய கல்லில் ‘வாழ்க்கை’ என்பதற்குப் பதிலாக ‘வாள்க்கை’ என்று நான் வெட்டிவிட்டேன். தந்த தாளில் அப்படித்தான் இருந்தது, ஆனாலும் கை என்னுடையது. மகன் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார். திரும்ப வேறு கல்லில் வெட்டிக் கொடுத்தேன். அன்றிலிருந்து, இரண்டு பேர் சத்தமாக வாசித்துக் கையெழுத்து வைக்காத தாளைக் கல்லில் ஏற்றுவதில்லை. நீங்களும் அப்படிச் செய்யுங்கள். சொல் குறைவாக இருந்தால் பிழையும் குறைவு, காசும் குறைவு. பெயர், இரண்டு வருடம், ஒரு வரி.

தாண்டவன்வெளிப் பிள்ளை:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. சேர், நீங்கள் சொன்னதற்குப் பிறகு பொறுக்க முடியாமல் நேற்றே தொடங்கிவிட்டேன். அம்மா நான்கு பேருக்குத் தொலைபேசி எடுத்தா. ஒருவர் கனடாவில், இரவு பன்னிரண்டு மணிக்கு எழும்பி இருந்து பேசினார், பாதிக்கு மேல் அழுகைதான். பாயில் யார் எந்த இடத்தில் இருந்தார்கள் என்று கூட அவருக்கு ஞாபகம் இருக்கிறது, வாசல் பக்கம் காற்று வரும் இடத்தைச் சின்னப் பிள்ளைகளுக்கு விட்டுவிடச் சொல்லுவாராம் வாத்தியார். அதை அரைப் பக்கத்தில் எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

வாத்தியாருடைய மகளோடும் பேசினேன். சம்மதம். ஆனால் அவ கேட்டது ஒன்று, அப்பாவின் பெயருக்கு முன்னால் பட்டம் எதுவும் போட வேண்டாம், அவர் இருக்கும்போது யாராவது ‘பெரியார்’ என்று சொன்னால் எழும்பிப் போய்விடுவாராம். வாங்கப்போகிறவரையும் மகளே எனக்கு அறிமுகப்படுத்தி வைக்கிறேன் என்றா. வீட்டை வைத்திருப்பாரா இடிப்பாரா என்று அவருக்கே இன்னும் முடிவில்லை போல, ஆனால் படலைத் தூணை விட்டுத்தருவார் என்று நம்புகிறேன்.

கல்லுக்கு நான் யோசித்த வரி இது: ‘சூறாவளிக்குப் பின் இந்த விறாந்தையில் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தார்.’ ‘படிப்பித்தார்’ என்று போடுவதா ‘கற்பித்தார்’ என்று போடுவதா என்று அம்மாவும் நானும் காலையிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறோம். அம்மா ‘படிப்பித்தார்’ என்கிறா. சேர், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

காரைதீவுச் சேர்:

அம்மா சொன்னதையே வெட்டு பிள்ளை. அந்தப் பாயில் இருந்தவ அவதான்.